ஷிப்ட் முடிந்து வருகிறவள்

காணாமல் போன என் வீட்டுக்காரி பஸ் நிறுத்தத்தில் கிடைத்துவிட்டாள் என்று போன வாரம் இந்தப் பகுதியில் சொல்லி முடித்தேன். பத்திரமாகத்தான் கிடைத்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த ஐஸைச் சப்பிக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளை வேடிக்கை பார்த்தபடி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

செய்தி எப்படியோ மகள் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினாள். வெளியூரில் இருக்கும் மகனும் அவளும் போனில் குசுகுசுவென்று பேசினார்கள். வீட்டில் குசுகுசுப் பேச்சு கேட்டால் நமக்கு ஏதோ குழி வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. இன்று சாயங்காலம் முதியோர் காப்பகத்திலிருந்து ஒரு நர்ஸ் வருகிறாள். என் வீட்டுக்காரியைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்வாள்.

சேர்த்தால் அதோடு சரி. அப்புறம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள்.

இப்போதுதான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சட்டைக் கம்பெனியில் கேட் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவன். அவள் அதே கம்பெனியில் பொத்தான் தைத்தவள். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து, "சரி, போ" என்று அனுப்புவது என் வேலை. அப்படி ஒரு பையைத் தினமும் திறந்து திறந்துதான் எனக்குக் கல்யாணம் ஆனது. இப்போது அவளுக்கு மறதி நோய். கல்யாணம் மறந்துவிட்டது. பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். கேட் மட்டும் மறக்கவில்லை. நான் யார் என்று கேட்டால், "கேட்டு ஆளு" என்பாள். அண்ணே என்று கூப்பிடாமல் விட்டாளே, அந்த மட்டுக்கும் லாபம்.

காலையிலேயே மகள் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூட டீச்சர். தப்பைக் கண்டால் சிவப்பு மையில் சுழிக்காமல் அவளுக்குக் கை நிற்காது.

"அம்மா, இங்க பாருங்க. இது யாரு?" என்று என்னைக் காட்டினாள்.

"கேட்டு ஆளு."

"இல்லம்மா. அப்பா. என்னோட அப்பா."

வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உங்கப்பாவா? ஜாடை ஒத்தே போகலையே. நீ நல்லா லட்சணமால்ல இருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை.

"சிரிக்காதீங்கப்பா. எல்லாம் நீங்க குடுக்கற இடம். தெனம் ஸ்டூலப் போட்டு கேட்ல உக்காந்துக்கிட்டு வாட்ச்மேன் வேஷம் கட்டறீங்க. அவங்களுக்கு எப்படித் தெளியும்?"

"உண்மையச் சொல்லி நீ இப்ப என்னத்தக் கண்ட?"

"பொய்யச் சொல்லி நீங்க என்னத்தக் கண்டீங்க?"

"ராத்திரி தூங்கறா. அதைக் கண்டேன்."

வேஷம் என்று அவள் சொன்னது இதைத்தான். வெயில் சாய்ந்தால் என் வீட்டுக்காரிக்கு இருப்புக் கொள்ளாது. "ஷிப்ட் முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று பையை எடுத்துக்கொள்வாள். இதுதான் உன் வீடு என்று சொன்னால் அழுவாள், கதவை உதைப்பாள். நானும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்து அடி வாங்கினவன்தான். ஒரு நாள் ஏதோ தோன்றி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வந்தாள். தானாகப் பையை நீட்டினாள். திறந்து பார்த்தேன். டி.வி. ரிமோட், ஒரு கரண்டி, என் மூக்குக் கண்ணாடி.

"இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றாள், கொஞ்சமும் அசராமல்.

எடுத்து வைத்துக்கொண்டு, "சரி, போ" என்று கேட்டைத் திறந்தேன். அவள் சுவரோரமாக வீட்டைச் சுற்றிப் பின்பக்கச் சந்துக்கு வருவதற்குள், நான் உள்ளே ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தேன். வந்தாள். செருப்பைக் கழற்றினாள். "அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு" என்று உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் இதுதான். போன வாரம் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு பின்கதவுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு அவள் நேரே நடையைக் கட்டிவிட்டாள்.

"ஒரு தடவ கதவு சாத்தியிருந்ததுக்கே பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டாங்க. இன்னொரு தடவ உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா?" என்று மகள் கேட்டாள்.

பதில் இல்லாத இடத்தில் நான் கோபப்படுவது வழக்கம்.

"அதுக்குன்னு முன்னப்பின்னத் தெரியாதவங்க கையில தூக்கிக் குடுத்துடறதா? நான் கேட்ல நின்னவன்மா. மூஞ்சியப் பாத்தே பையில என்ன இருக்குன்னு சொல்லுவேன். உலகத்துல பாதிப் பேரு களவாணி."

"மீதிப் பாதி?"

"இன்னும் மாட்டல."

"சரி, இன்னைக்கு வர்ற நர்ஸ் மூஞ்சியையும் பாத்து வைங்க. ஆனா ஒண்ணு. அவங்க வர்ற நேரத்துல நீங்க ஸ்டூல்ல உக்காரக் கூடாது. அம்மா பையத் தொடக் கூடாது. பாக்கறவங்களுக்கு அம்மாவ ஜெயில்ல போட்டு வச்ச மாதிரி இருக்கு."

"அவ கெளம்பி வந்தா?"

"நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ, தாயே" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

மத்தியானம் வீட்டுக்காரி என்னைத் தேடிப் பின்பக்கம் வந்தாள். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இத எவ தைச்சா?"

நான்தான் தைத்தேன். சொல்லவில்லை.

"புதுசா வந்தவளா இருக்கும்" என்று உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். அங்கே காப்பகத்தில் யார் சட்டையை இழுத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வெயில் சாய்ந்தது. வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. தொடக் கூடாது என்றாளே, தொடவில்லை. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ரோஷம் பார்க்க முடியவில்லை. ஓடினேன்.

மகளும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்துவிடவில்லை. அம்மா பையோடு வந்ததும் தோளில் கை போட்டு, "இனிமே பையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கம்மா. நீங்க பாட்டுக்குப் போங்க, நானும் கூட வர்றேன்" என்று கேட்டை அகலத் திறந்துவிட்டிருக்கிறாள். எந்த மகளும் அப்படித்தான் செய்வாள்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதன் விபரீதம் புரியும். பையைப் பார்க்காமல் ஒருத்தி வெளியே போனால், மறுநாள் எது காணாமல் போனாலும் அவள் தலையில்தான் விழும். அப்படித்தான் ஒருத்தியை, ஒரு பெட்டிப் பொத்தான் காணவில்லை என்று வேலையை விட்டே துரத்தினார்கள். அவள் என் வீட்டுக்காரிக்குப் பக்கத்து மெஷின்.

நான் போனபோது வீட்டுக்காரி கேட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் தெருவில். பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நடுங்கினாள்.

"நான் எதையும் எடுக்கல. பாக்காம அனுப்பறா. நாளைக்கு என்னத் திருடின்னு சொல்லப் போறா. நான் எதையும் எடுக்கல."

"யாரும் சொல்ல மாட்டாங்கம்மா" என்று மகள் தொட்டாள். வீட்டுக்காரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "என்ன, இங்க படமா ஓடுது?" என்று கேட்டேன். நகர்ந்தார்கள்.

அவள் எதிரே போய்க் குனிந்தேன். "பையக் குடும்மா. நான் பாக்கறேன்."

அண்ணாந்து பார்த்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் பையைக் கொடுக்கவில்லை.

"இப்பப் பாத்து என்ன பிரயோஜனம்? கேட்டுதான் தொறந்தாச்சே. தொறந்த கேட்ல வாட்ச்மேன் பாத்தா செல்லாது. சூப்பர்வைசர் வரணும். நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். அந்தச் சட்டத்தைக் கம்பெனிக்குக் கொண்டுவந்ததே நான்தான். வாட்ச்மேனும் வேலை செய்கிறவளும் கூட்டுச் சேர்ந்துவிடக் கூடாது என்று, என்னையே நான் நம்பாமல் போட்ட சட்டம். மேனேஜர்கூட என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அது இத்தனை வருஷம் கழித்து என் வீட்டு வாசலிலேயே வந்து சம்மணம் போட்டு உட்காரும் என்று யார் கண்டது?

"நான்தாம்மா சூப்பர்வைசர்" என்றாள் மகள். பொய்யே சொல்லக் கூடாது என்று காலையில் பாடம் எடுத்தவள்.

"கேட்டத் தொறந்துவிட்டவளே நீதான். நீ பேசாத" என்றாள் வீட்டுக்காரி. "வேற ஆளு வேணும்."

வேறு ஆள். இந்த வீட்டுக்குள் வேறு ஆள் யாரும் நுழையக் கூடாது என்றுதானே நான் இத்தனை நாளும் குறுக்கே நின்றேன்?

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கனத்த உடம்புக்காரி, தோளில் குறுக்காக ஒரு பை. ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்பா, காப்பகத்து நர்ஸ்" என்று மகள் கிசுகிசுத்தாள்.

நல்ல காட்சியைத்தான் பார்க்க வந்திருக்கிறாள். அழுகிற நோயாளி, விழிக்கிற மகள், மூச்சு வாங்குகிற கிழவன். நாளைக்கே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் தாடை நடுங்கிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் பக்கத்தில் போனேன்.

"அம்மா, ஒரு உதவி. நீங்க கொஞ்ச நேரம் சூப்பர்வைசரா இருக்கணும்."

ஏன், எதற்கு என்று கேட்பாள் என்று பார்த்தேன். அவள் தரையில் இருந்தவளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள்.

"எந்தக் கம்பெனி?"

"சட்டைக் கம்பெனி."

"நான் என்ன செய்யணும்?"

"பையப் பாக்கணும். எதாவது இருந்தா எடுத்துக்கணும். திட்டக் கூடாது. சரி, போன்னு சொல்லணும்."

ஹெல்மெட்டை மகள் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை உடம்பையும் வைத்துக்கொண்டு தெருப் புழுதியில் குந்தி உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா, வர நேரமாயிடுச்சு. உங்களக் காக்க வச்சிட்டேன்."

வீட்டுக்காரியின் அழுகை நின்றது. "பரவால்ல மேடம். கேட்ட இவ தொறந்துட்டா. நான் தொறக்கச் சொல்லல."

"தெரியும். உங்க மேல தப்பில்ல. பை பாக்கலாமா?"

பையை நீட்டினாள். நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ரிமோட். ஒரு சோப்பு. ஒரு சார்ஜர்.

"என் சார்ஜர்! காலையிலேருந்து தேடறேன்!" என்றாள் மகள்.

"இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் வீட்டுக்காரி.

"அதுவா வந்திருக்கும்" என்றாள் நர்ஸ். "சரி, போங்க."

வீட்டுக்காரி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

"உங்க பை?"

"என் பையா?"

"சூப்பர்வைசர் பையையும் பாக்கணும். மேனேஜர் பையவே விட மாட்டான் இவன்." என்னைக் காட்டிச் சொன்னாள். சொன்ன தோரணையில் ஒரு பெருமை இருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நர்ஸ் தன் பையை என்னிடம் நீட்டினாள். ஒப்புக்குப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கையை விட்டுத் துழாவினேன். சீப்பு, பாதி தின்ற பன், ஒரு துண்டு, கால்வலித் தைலம்.

"தைலம் யாருக்கு?"

"எனக்குத்தான். நாள் பூரா நிக்கறேன்ல."

நின்று வேலை பார்க்கிறவர்களின் கால்வலி எனக்குத் தெரியாததா? "சரி, போங்க" என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்தே சுவரோரமாக நடந்தார்கள். எனக்குப் பின்கதவு ஞாபகம் வந்து திரும்பினேன். முழங்கால் சுண்டி இழுத்தது.

"நீங்க மெதுவா வாங்க. நான் தொறக்கறேன்" என்று மகள் ஹெல்மெட்டோடு உள்ளே ஓடினாள்.

நான் நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அப்பாடா, வீட்டுக்கு வந்தாச்சு" என்றாள். மகள் கதவைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். அவள் முதுகு குலுங்கியது.

காபி கொடுத்தோம். நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இவங்கள இப்பவே அங்க கொண்டாந்து முழுசாச் சேக்கச் சொல்ல மாட்டேன். உள்ள வந்ததும் முகம் மாறிச்சு பாருங்க, அது எங்க எடத்துல வராது."

நான் மகளை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

"ஆனா பெரியவரே, இப்படியே நீங்க ஒரே ஆளா ஓட்டவும் முடியாது. இன்னைக்கு மூணு பேர் வேண்டியிருந்துச்சு."

பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"பகல்ல மட்டும் வந்துட்டுப் போறவங்க எங்ககிட்ட இருக்காங்க. காலைல வண்டி வந்து கூட்டிட்டுப் போகும், சாயங்காலம் கொண்டாந்து விடும். துணி மடிப்பாங்க, செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, சண்டை போடுவாங்க."

"சண்டையா?"

"நாலு பேர் சேந்து இருந்தா சண்டை வராதா?"

அவள் பேச்சில் நான் முதலில் நம்பியது அதைத்தான். இருந்தாலும் விடவில்லை.

"வண்டி ஓட்டறது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"குடிப்பாரா?"

"அப்பா!" என்றாள் மகள்.

"கேக்கட்டும்" என்றாள் நர்ஸ். "குடிச்சாருன்னா பாதி வழியில எறக்கி விட்டுட்டு நானே ஓட்டிடுவேன்."

"வாசலுக்குக் காவல்?"

"ஒருத்தர் இருக்கார். உங்க அளவுக்கு இல்ல. அப்பப்ப தூங்கிடுவார். அதனால பூட்டுச் சாவிய நான் வச்சிருக்கேன்."

எங்கள் ஆள் கண்ணை மூடவே மாட்டார் என்று சொல்லியிருந்தால் அப்போதே வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

"அப்ப நானும் வந்து வாசல்ல உக்காந்துக்கறேன்."

"வேணாம். அவங்க வேலைக்குப் போற நேரத்துல நீங்க தூங்குங்க. கண்ணுக்குக் கீழ பாத்தா தெரியுது. அப்புறம் இன்னொண்ணு. சாயங்காலம் அவங்க நெஜமாவே வெளிய போயிட்டுத்தான் வருவாங்க. நேரே வீட்டுக்குள்ள வந்துடலாம். நீங்க வாட்ச்மேனா இருக்க வேண்டியதே இல்லாமப் போகலாம்."

அந்த அம்மாள் நல்லதைத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வாட்ச்மேனாகவும் இல்லையென்றால் இவளுக்கு நான் யார்? இப்போதாவது கேட்டு ஆள். நாளைக்கு?

"நாளைக்கு ஒரு நாள் அனுப்பறேன். பிடிக்கலன்னா நிறுத்திடுவேன்" என்று மட்டும் சொன்னேன்.

"ஒரு நாள் போதும்" என்று அந்த அம்மாள் எழுந்தாள். மகள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள்.

நர்ஸ் போன பிறகு மகள் வெளியூரில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வந்தவள் முகம் சரியில்லை.

"பகல்ல மட்டும்லாம் வேலைக்காகாதாம். அவன் கெளம்பிட்டானாம். நாளைக்கு நேர்ல வந்து, அம்மாவ முழுசாச் சேத்துட்டுத்தான் போவானாம்."

"வரட்டும். கேட்டத் தாண்டித்தான வரணும்?"

"நானும் கேட்லதாம்ப்பா இருப்பேன்" என்றாள். இந்த ஒரு வாரத்தில் அவள் என் பக்கம் பேசியது அப்போதுதான்.

விளக்குப் போட்டோம். வீட்டுக்காரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். நான் எதிரே நிற்பதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னய்யா, நீ இன்னும் உன் வீட்டுக்குப் போகலையா?"

"போகணும்."

"எப்பப் பாத்தாலும் இங்கயேதான் நிக்கற. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவள் நாற்காலிக்குப் பின்னால் மகள் இருந்தாள். கண்ணை விரித்துத் தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள். எனக்கும் அதுதான் சுலபம். எத்தனையோ பொய்யை இவளிடம் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். இது மட்டும் வரவில்லை.

"ஆயிடுச்சு" என்றேன்.

"ஓ" என்றாள். முகம் கொஞ்சம் வாடியது. வாடியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியாது. வாடியது என்றே வைத்துக்கொண்டேன்.

"அவ எங்க?"

"ஷிப்டுக்குப் போயிருக்கா. வந்துடுவா."

"இந்நேரம் வரைக்குமா? அவளுக்குச் சாப்பாடு எடுத்து வச்சியா?"

"இல்ல."

"என்ன ஆம்பள நீ! நாள் பூரா குனிஞ்சு உக்காந்து தைச்சிட்டு வர்றவளுக்குப் பசிக்காதா? போ. மொதல்ல எடுத்து வை."

போனேன். தட்டு எடுத்து வைத்தேன். மகள் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்துப் பரிமாறினாள். தண்ணீர் வைத்தாள். அவள் போன் மறுபடி அடித்தது. தம்பிதான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னால் காலடிச் சத்தம். வீட்டுக்காரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். தட்டைப் பார்த்தாள். சந்துப் பக்கத்துக் கதவைப் பார்த்தாள். யாரும் வருகிற மாதிரித் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆறிப்போயிரும்" என்றாள் என்னிடம், முதல் வாயை எடுத்துக்கொண்டே. "அவ வந்தா நான் பேசிக்கறேன்."